பல பொருள் ஒரு சொல்லுக்கு எந்த நெட்வொர்க்?

பல பொருள் தரும் ஒரு சொல்லை மனிதர்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று ஆய்வுத் தலைப்பு எழுதிக் கொடுத்தவர்கள் கொஞ்ச நாளிலேயே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்: எந்த நியூரல் நெட்வொர்க்கை வைத்து இதைச் செய்து காட்டுவது? இன்றைக்குப் பலரும் யோசிக்காமல் பெர்ட் என்ற ஆயத்த மொழி மாடலை இறக்கிக்கொள்கிறார்கள். இரண்டு வாக்கியங்களைக் கொடுத்து, இரண்டிலும் உள்ள அதே சொல்லின் வெக்டர்களை (மாடல் அந்தச் சொல்லுக்குத் தரும் எண் வரிசைகளை) எடுத்து, அவை எவ்வளவு நெருக்கம் என்று கணக்கிட்டால் அட்டவணை தயார். வேலை சுலபம், படமும் அழகாக வரும். ஆனால் நீங்கள் விளக்க நினைப்பது மில்லிசெகண்ட் கணக்கில் நடக்கும் ஒன்று என்றால், அந்தத் தேர்வு தப்பு என்பது என் கருத்து. நாற்பது வருடங்களாக இந்த விஷயத்துக்கென்று விதவிதமான மாடல்கள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லக் கட்டப்பட்டது. அதனால் கேள்வியிலிருந்தே தொடங்கலாம்.

மனிதர்கள் என்ன செய்கிறார்கள்

1979-இல் டேவிட் ஸ்வின்னி செய்த சோதனைதான் இந்தத் துறைக்கு அஸ்திவாரம். காதில் ஒரு கதை ஓடும். ஒரு அரசாங்கக் கட்டடம். அறையின் மூலையில் ஒருவர் சிலந்தி, கரப்பான், இன்னும் சில 'பக்ஸ்' இருப்பதைப் பார்க்கிறார். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் பூச்சி என்றும் பொருள் உண்டு, ஒட்டுக்கேட்கும் கருவி என்றும் பொருள் உண்டு. அந்தச் சொல் காதில் விழுந்த அதே கணத்தில் திரையில் ஓர் எழுத்துக்கோவை தோன்றும். அது ஆங்கிலச் சொல்தானா இல்லையா என்று பட்டனை அழுத்திச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தோன்றுவது 'எறும்பு', 'உளவாளி', 'தையல்' ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களில் ஒன்று. தையல் எந்தப் பொருளோடும் சம்பந்தமில்லாத ஒப்பீட்டுச் சொல். சிலந்தியும் கரப்பானும் ஏற்கெனவே வந்துவிட்டதால் எறும்புக்கு மட்டும் வேகமாகப் பதில் வரும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் உளவாளிக்கும் பதில் வேகமாகவே வந்தது. அதே சோதனையை மூன்று அசை தள்ளிச் செய்தால் எறும்பின் சலுகை மட்டும் மிஞ்சியது, உளவாளி போய்விட்டது.

அதே வருடம் டானன்ஹவுஸ், லைமன், சைடன்பர்க் மூவரும் 'ரோஸ்' போன்ற சொற்களை எடுத்துக்கொண்டார்கள்: பெயராக வந்தால் ரோஜா, வினையாக வந்தால் எழுந்தார்கள். அங்கும் இதே கதைதான். சொல் முடிந்த உடனே இரண்டு பொருளும் விழித்திருக்கின்றன. 200 மில்லிசெகண்ட் கழித்துப் பார்த்தால் பொருந்தியது மட்டும் நிற்கிறது.

கண் அசைவை அளந்தவர்கள் இன்னொன்றைச் சேர்த்தார்கள். ஆங்கில 'போர்ட்' என்றால் பெரும்பாலும் துறைமுகம், எப்போதாவது ஒரு வகை ஒயின். முன்னால் வரும் வாக்கியம் ஒயினைத் தெளிவாகக் காட்டிவிட்டாலும், இப்படிப்பட்ட சொல்லின் மேல் கண் கூடுதல் நேரம் நிற்கிறது. டஃபி, மோரிஸ், ரெய்னர் 1988-இல் காட்டியது இது. சூழல் சரியான பொருளைச் சொல்லிக் கொடுத்துவிட்டது, இருந்தும் வழக்கமான பொருள் குறுக்கே வந்து நிற்கிறது.

மூன்றாவது சிக்கல்தான் மாடல் கட்டுபவர்களை அதிகம் படுத்தியது. பல பொருள் உள்ள சொல்லை 'இது சொல்தான்' என்று அடையாளம் காண்பது மற்றச் சொற்களைவிட வேகம் என்று 1970-லிருந்தே சொல்லி வந்தார்கள். ஜெனிஃபர் ராட், கேஸ்கல், மார்ஸ்லன்-வில்சன் 2002-இல் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பொருள்கள் இருந்தால் வேகம் குறைகிறது. ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்த பொருள்கள் இருந்தால்தான் வேகம் கூடுகிறது. நம் பக்கத்து உதாரணம் வேண்டுமென்றால், பொழுதையும் பூமாலையையும் குறிக்கும் 'மாலை' முதல் வகை. நிலா, மாதம், கிழமை என்று கிளைத்த 'திங்கள்' இரண்டாவது வகை.

ஆக, ஒரு மாடலிடம் கேட்க வேண்டியவை இவை: இரண்டு பொருளும் எழுந்து ஒன்று அடங்குவது, வழக்கமான பொருளின் பிடிவாதம், சம்பந்தமுள்ள பொருள்களும் சம்பந்தமில்லாத பொருள்களும் எதிரெதிர் திசையில் இழுப்பது.

ஒரு பொருளுக்கு ஒரு யூனிட்

மிகப் பழைய வழி இது. 1980-களில் காட்ரெல், ஸ்மால் இருவரும் செய்தார்கள். 1985-இல் வால்ட்ஸும் பொல்லாக்கும் செய்தார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் தனியாக ஒரு யூனிட் (நெட்வொர்க்கின் ஒரு முடிச்சு) வைத்து, ஒத்துப்போகும் பொருள்களுக்கு இடையே ஊக்கும் இணைப்பும் மோதும் பொருள்களுக்கு இடையே அடக்கும் இணைப்பும் போடுவார்கள். வால்ட்ஸ், பொல்லாக்கின் புகழ்பெற்ற வாக்கியம், வானியலாளர் ஒரு 'ஸ்டாரை' மணந்தார் என்பது. வானியலாளர் என்ற சொல் விண்மீனை முதலில் தூக்கிவிடும். அப்புறம் 'மணந்தார்' மனிதரைக் கேட்க, நெட்வொர்க் நடிகைக்குத் திரும்பும். வாசிக்கும் நமக்கும் அந்த ஒரு கணத் தடுமாற்றம் ஏற்படுகிறது என்பதுதான் இதன் கவர்ச்சி.

வகுப்பில் காட்ட இதைவிட நல்லது கிடையாது. எந்த யூனிட் எப்போது எரிகிறது என்று கரும்பலகையிலேயே போட்டுக் காட்டலாம். ஆய்வேட்டுக்கு மட்டும் வேண்டாம் என்பேன். எடைகளை, அதாவது இணைப்புகளின் வலுவை, கையால் வைப்பது நீங்கள்தான், அதனால் உள்ளே வைத்ததுதான் வெளியே வரும். தேர்வாளர் கேட்கும் முதல் கேள்வியே அதுவாக இருக்கும்.

அட்ராக்டர் நெட்வொர்க்

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான்.

ஹாப்ஃபீல்ட் 1982-இல் முன்வைத்த யோசனையின் வாரிசு இது. ஆலன் கவமோட்டோ 1993-இல் பல பொருள் சொற்களுக்காகக் கட்டிய வடிவத்தில் ஒரு சொல் என்பது ஒரு யூனிட் கிடையாது. யூனிட்களின் ஒரு பகுதி சொல்லின் எழுத்துக்கு, ஒரு பகுதி உச்சரிப்புக்கு, ஒரு பகுதி இலக்கண வகைக்கு, மிச்சம் பொருளுக்கு. சொல் என்பது இவை அத்தனையிலும் பரவிய ஒரு வடிவம். எல்லா யூனிட்களும் ஒன்றோடொன்று இணைந்தவை. பயிற்சி முடிந்ததும் கற்ற ஒவ்வொரு வடிவமும் ஒரு குழி ஆகிவிடும்; அட்ராக்டர் என்பது இந்தக் குழிதான். நெட்வொர்க்கின் நிலையைக் குண்டும் குழியுமான தரையில் உருளும் கோலியாக நினைத்துக்கொண்டால் போதும். எங்கே விட்டாலும் ஏதோ ஒரு குழியில் போய் விழும். அடிக்கடி வரும் பொருளுக்குக் குழி ஆழம்.

'மாலை' என்று எழுத்துப் பகுதியில் கொடுத்தால் என்ன ஆகும்? எழுத்து யூனிட்கள் உடனே நிலைத்துவிடும். பொருள் யூனிட்களில், பொழுதுக்கும் பூமாலைக்கும் பொதுவானவை ஏதாவது இருந்தால் அவையும் சீக்கிரம் நிலைக்கும். இரண்டு பொருளும் முரண்படும் யூனிட்கள் மட்டும் பூஜ்யத்தை ஒட்டித் தத்தளித்துக்கொண்டிருக்கும். இந்தச் சில சுற்றுகளில் நெட்வொர்க்கின் நிலை இரண்டு பொருளுக்கும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்கிறது. ஸ்வின்னி கண்ட முதல் கணம் இதுதான். அப்புறம் சூழலிலிருந்து வரும் சின்ன உந்துதலோ குழியின் ஆழமோ ஒரு பக்கம் சாய்க்க, மற்றது சட்டென்று சரிந்து போகும். 'முதலில் இரண்டும், பிறகு ஒன்று' என்று யாரும் நிரல் எழுதவில்லை. நெட்வொர்க்கின் இயக்கத்திலிருந்தே அது வந்துவிடுகிறது. ஆழமான குழியை எதிர்த்துச் சூழல் தள்ள வேண்டியிருந்தால் நேரம் கூடும். 'போர்ட்' சொல்லின் மேல் கண் தயங்குவதற்கும் விளக்கம் கிடைத்துவிட்டது.

எழுத்தும் உச்சரிப்பும் தனித்தனிப் பகுதி என்பது தமிழுக்குச் சும்மா கிடைத்த லாபம். 'பாவம்' என்ற எழுத்து ஒன்றுதான். இரக்கப்படும்போது ஓர் உச்சரிப்பு, நடனத்தில் வரும் முகபாவத்துக்கு வேறோர் உச்சரிப்பு. கவமோட்டோவின் அமைப்பு ஆங்கிலத்தின் 'விண்ட்', 'வைண்ட்' ஜோடிக்காகச் செய்தது நமக்கு அப்படியே பொருந்தும்.

இனி இதன் வம்பு. 'இது சொல்தான்' என்று நெட்வொர்க் சொல்லிவிட்டதாக எப்போது எடுத்துக்கொள்வது? ஜோர்டன்ஸும் பெஸ்னரும் 1994-இல் பொருள் யூனிட்கள் நிலைப்பதைப் பார்த்தார்கள். தொடக்க நிலை குருட்டாம்போக்கில் அமைவதால், இரண்டு குழி உள்ள சொல்லுக்கு ஏதாவது ஒன்று பக்கத்தில் இருக்கும் வாய்ப்பு அதிகம், அதனால் வேகம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர்களுடைய நெட்வொர்க் பல முறை எந்தப் பொருளிலும் விழாமல் இரண்டும் கலந்த ஒரு நிலையில் போய் உட்கார்ந்துவிட்டது. கவமோட்டோ, ஃபரார், கெல்லோ மூவரும் அதே 1994-இல் பொருளை விட்டுவிட்டு எழுத்து யூனிட்களைப் பார்த்தார்கள். பொருள் மாறி மாறி வருவதால் எழுத்துக்கும் பொருளுக்குமான இணைப்பை நம்ப முடியாது. பிழையைத் திருத்திக் கற்கும்போது எழுத்து யூனிட்கள் தங்களுக்குள் பிடிப்பை வலுவாக்கிக்கொள்கின்றன. அதனால் எழுத்து சீக்கிரம் நிலைக்கிறது என்றார்கள். போரோவ்ஸ்கியும் மேசனும் 1996-இல் முழுதாக நிலைக்கும் வரை காத்திருக்கவே வேண்டாம், நெட்வொர்க்கின் ஆற்றல், அதாவது கோலி நிற்கும் உயரம், ஓர் அளவுக்கு இறங்கினால் போதும் என்றார்கள்.

மூன்று குழு, ஒரே வகை நெட்வொர்க், ஒரே விளைவு, மூன்று விளக்கம். அப்புறம் ராட் குழுவின் 2002 ஆய்வு வந்து அந்த விளைவே சம்பந்தமில்லாத பொருள்களால் வந்ததில்லை என்று சொல்லிவிட்டது! அட்ராக்டர் நெட்வொர்க் எதை வேண்டுமானாலும் விளக்கிவிடும் என்று குறை சொல்பவர்களுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. குறையில் நியாயமும் இருக்கிறது.

ஆனாலும் கதை அங்கே முடியவில்லை. ராட் குழுவே 2004-இல் ஒரு அட்ராக்டர் நெட்வொர்க் கட்டியது. சம்பந்தமில்லாத பொருள்கள் என்றால் தள்ளித் தள்ளி இருக்கும் இரண்டு குழிகள். கிளைத்த பொருள்கள் என்றால் ஒரே வடிவத்தின் சின்னச் சின்ன மாறுபாடுகள், அதாவது ஒரே ஓர் அகலமான பள்ளம். தனிக் குழிகள் போட்டியால் தாமதமாக்கும். அகலப் பள்ளத்துக்குள் நுழைவது எளிது. எதிரெதிரான இரண்டு விளைவும் ஒரே நெட்வொர்க்கில் வந்துவிட்டன. ஆர்ம்ஸ்ட்ராங்கும் பிளாட்டும் 2016-இல் இதை நேரத்தின் மேல் விரித்தார்கள். கிளைத்த பொருளின் லாபம் சீக்கிரம் தெரியும், தனிப் பொருள்களின் போட்டி தாமதமாகத் தெரியும். 'இது சொல்லா' என்பது சீக்கிரம் முடியும் வேலை, 'இது உயிருள்ளதா' என்பது நேரம் எடுக்கும் வேலை. அதனால்தான் சோதனைக்குச் சோதனை முடிவு மாறுகிறது என்பது அவர்கள் வாதம். பொருளைப் புரிந்துகொள்ளும் பாதையை வாசகர் எந்த இடத்தில் நிறுத்திப் பார்க்கிறார் என்ற கேள்வியாக மொத்த விவகாரமும் மாறிவிட்டது. இந்தத் துறையில் நான் பார்த்த நல்ல வாதங்களில் இது ஒன்று.

சிலேடை ரசிப்பவர்களுக்கு ஒரு செய்தி. ஒரு குழியில் விழுந்த நெட்வொர்க் அங்கேயே கிடக்கும் என்றால், இரண்டு பொருளையும் கண்டு சிரிப்பது எப்படி? கவமோட்டோவிடம் இதற்கும் ஒரு வழி இருந்தது. நிலைத்த பின் இணைப்புகள் களைத்துப்போகட்டும் என்று விட்டால், கோலி மெல்ல வெளியே வந்து அடுத்த குழிக்குப் போகும். இரட்டுறமொழிதல் கேட்டு அரை நொடி கழித்துத் தலையாட்டுபவரை இது ஓரளவு ஒத்திருக்கிறது.

செலவு? மடிக்கணினி போதும். சில நூறு வரி நிரலில் எழுதிவிடலாம். கவனிக்க வேண்டியது கொள்ளளவு. சேர்ந்து எரியும் யூனிட்களின் இணைப்பை வலுவாக்கும் ஹெப் விதிப்படி எடை வைத்தால் யூனிட்களின் எண்ணிக்கையில் சுமார் 14 சதவீதம் வடிவங்கள்தான் தாங்கும். 200 யூனிட் என்றால் இருபத்தேழு, இருபத்தெட்டு வடிவங்கள். அதுவும் வடிவங்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதபோது. எழுத்தைப் பகிரும் ஜோடிகள் அப்படி இல்லை. எனவே பிழை திருத்தும் கற்றலையே பயன்படுத்துங்கள்.

இடமிருந்து வலம் படிக்கும் நெட்வொர்க்குகள்

அட்ராக்டர் நெட்வொர்க்கில் சூழல் என்பது நீங்கள் கையால் கொடுக்கும் ஓர் உந்துதல். நிஜ வாக்கியம் உள்ளே போகாது. அதற்கு எல்மன் 1990-இல் காட்டிய வழி, முந்தைய கணத்தின் உள்நிலையை அடுத்த சொல்லோடு சேர்த்துக் கொடுத்து அடுத்து வருவதை யூகிக்கச் சொல்வது. 29 சொற்கள், பத்தாயிரம் குட்டி வாக்கியங்கள், 150 உள் யூனிட்கள். இன்று பார்த்தால் பொம்மை. ஆனால் ஒரே சொல் ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் வேறான உள்நிலையைப் பெறுவதை எல்மன் அதிலேயே பார்த்துவிட்டார். இன்றைய சூழல் வெக்டர்களின் விதை அங்கே இருக்கிறது.

அந்த மரபின் இன்றைய வடிவம் ஜிபிடி-2 போன்ற, அடுத்த சொல்லை யூகிக்கும் மொழி மாடல்கள். இவற்றிலிருந்து ஆய்வாளர்கள் வழக்கமாக எடுப்பது சர்ப்ரைசல், அதாவது இந்த இடத்தில் இந்தச் சொல் எவ்வளவு எதிர்பாராதது என்ற அளவு. ஹேல் 2001-லும் லெவி 2008-லும் வகுத்த யோசனை. வாசிப்பு நேரத்தை நன்றாகவே கணிக்கிறது. முழு வாக்கியங்களைக் கண்ணால் வாசிக்கும் நேரம்தான் உங்கள் தரவு என்றால் இதைக் கட்டாயம் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பொருள் மயக்கத்துக்கு இது மட்டும் போதுமா என்றால், போதாது. சர்ப்ரைசல் சொல்லின் உருவத்தைப் பற்றியது. இந்த இடத்தில் 'போர்ட்' வருமா என்று கேட்கிறது, எந்த 'போர்ட்' என்று கேட்பதில்லை. ஒயின் பற்றிய வாக்கியத்தில் அந்தச் சொல் எதிர்பார்க்கக்கூடியதுதான், சர்ப்ரைசல் குறைவு. கண் மட்டும் தயங்குகிறது. டஃபி குழு கண்ட அந்தத் தயக்கம் இந்த அளவுக்குள் வராது. வாக்கிய அமைப்பில் வரும் மயக்கத்தில்கூட மனிதர்கள் படும் சிரமத்தை சர்ப்ரைசல் குறைத்தே கணிக்கிறது என்று வான் ஷைண்டலும் லின்சனும் 2021-இல் காட்டினார்கள்.

பெரிய மாடலை எடுத்தால் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். மாடல் பெரிதாகப் பெரிதாக அதன் சர்ப்ரைசல் மனித வாசிப்பு நேரத்தோடு பொருந்துவது குறைகிறது என்பது ஓவும் ஷூலரும் 2023-இல் வெளியிட்ட முடிவு. மாடல் மனிதரைவிட நன்றாக யூகிக்கத் தொடங்கிவிடுகிறது. கோடிக்கணக்கான பக்கங்கள் படித்த ஒன்றுக்கு அரிய பெயர்ச்சொல்லும் ஆச்சரியம் தருவதில்லை. 13 வயதுப் பிள்ளை அதுவரை கேட்டிருப்பது பத்துக் கோடிச் சொற்களுக்குள்தான் என்ற கணக்கை வைத்துத்தான் 2023-இல் குறைந்த சொற்களில் மாடலைப் பயிற்றும் பேபிஎல்எம் என்ற போட்டியையே ஆரம்பித்தார்கள்.

இந்த வகையில் நான் கூடுதலாக விரும்புவது ரபோவ்ஸ்கி, ஹான்சன், மெக்லெலண்ட் 2018-இல் செய்தது. ஒவ்வொரு சொல் வரும்போதும் வாக்கியப் பொருளைப் பற்றிய நெட்வொர்க்கின் உள்நிலை எவ்வளவு மாறுகிறது என்று அளந்து, மூளை மின்னலையில் தெரியும் என்400 என்ற அடையாளத்தோடு ஒப்பிட்டார்கள். மூளை அலைத் தரவு வைத்திருப்பவர்கள் சர்ப்ரைசலுக்கு முன் இதைப் பார்க்க வேண்டும்.

பெர்ட் வகை

2018 அக்டோபரில் வந்தது. சிறிய வடிவத்தில் 12 அடுக்கு, ஒவ்வொரு சொல்லுக்கும் 768 எண்கள், 11 கோடி அளபுருக்கள் (பயிற்சியில் அமையும் எடைகள்); படித்தது சுமார் 330 கோடி ஆங்கிலச் சொற்கள். 2013-இன் வேர்ட்டுவெக் மாடல் 'பேங்க்' சொல்லுக்கு நதிக்கரை, வங்கி இரண்டையும் சேர்த்து ஒரே வெக்டர் கொடுத்த இடத்தில், இது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தனி வெக்டர் கொடுக்கிறது. 'இந்த இரண்டு வாக்கியத்திலும் இந்தச் சொல்லின் பொருள் எவ்வளவு நெருக்கம்' என்று மனிதர்களிடம் மதிப்பெண் வாங்கிய தரவு உங்களிடம் இருந்தால், பெர்ட் சரியான தேர்வு. தயங்க வேண்டாம். உங்கள் தரவுக்கென்று யாரும் அதைச் செதுக்கவில்லை என்பது பெரிய பலம். அட்ராக்டர்காரர்களைப் போல ஆளுக்கொரு திருகாணியைத் திருப்ப இங்கே இடமில்லை.

அங்கும் முழுப் பொருத்தம் கிடையாது. ட்ராட்டும் பெர்கனும் 2021-இல் 112 ஆங்கிலச் சொற்களை 672 வாக்கிய ஜோடிகளில் வைத்துச் சோதித்தார்கள். ஒரே பொருளில் வந்த ஜோடியை மனிதர்கள் நினைப்பதைவிடத் தள்ளி வைக்கிறது பெர்ட். சம்பந்தமே இல்லாத பொருள்களை மனிதர்கள் நினைப்பதைவிட நெருக்கி வைக்கிறது. மனித மனம் வேலி போடும் இடத்தில் இதற்கு மெல்லிய சரிவுதான் தெரிகிறது. இன்னொரு பொறி: மேல் அடுக்குகளில் எந்த இரண்டு சொல்லை எடுத்தாலும் வெக்டர்கள் ஓரளவு நெருக்கமாகவே இருக்கும். எத்தயராஜ் 2019-இல் அளந்து சொன்னார். எனவே சம்பந்தமில்லாத சொற்களின் சராசரி நெருக்கத்தைக் கழிக்காமல் எண்ணை அப்படியே போட்டால் அட்டவணை பொய் சொல்லும்.

பெரிய தடை வேறு. பெர்ட் வாக்கியம் முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்கிறது, வலப்பக்கம் உட்பட. தமிழில் இது இன்னும் மோசம், ஏனென்றால் நம் வாக்கியத்தில் மயக்கத்தைத் தீர்க்கும் சொல் பெரும்பாலும் பின்னால்தான் வருகிறது. 'மாலை வந்ததும்' என்று படிக்கிறீர்கள். பொழுது சாய்ந்துவிட்டது என்று நினைப்பீர்கள். 'மணப்பெண் கழுத்தில் போட்டார்கள்' என்று வாக்கியம் முடிகிறது. வாசகர் அந்த இடத்தில் திரும்பிப் போகிறார், கண் பின்னோக்கி ஓடுகிறது. பெர்ட்டுக்கு அந்தத் திரும்பல் என்பதே இல்லை. கழுத்தை முதலிலேயே பார்த்துவிட்டது. விளக்க வேண்டிய நிகழ்ச்சி மாடலில் நடக்கவே நடக்காது.

இதற்கு இரண்டு சமாளிப்பு சொல்வார்கள். 12 அடுக்குகளை நேரமாக எடுத்துக்கொள்வது ஒன்று. முதல் அடுக்கிலேயே எல்லாச் சொற்களும் ஒன்றையொன்று பார்த்துவிடுவதால் அடுக்கு மில்லிசெகண்ட் ஆகாது. வாக்கியத்தை வெட்டி வெட்டிக் கொடுப்பது மற்றது. முழு வாக்கியங்களில் பயின்ற மாடலுக்கு அரைகுறை வாக்கியம் அந்நியம், வரும் வெக்டரை எப்படிப் படிப்பது என்று தெரியாமல் விழிப்பீர்கள். அதற்கு ஜிபிடி வகையையே எடுத்துவிடலாம்.

அப்படியானால் எது?

பதில் உங்கள் அளவீட்டுக் கருவியில் இருக்கிறது. திரையில் சொல் தோன்றி பட்டன் அழுத்தும் சோதனையா, அட்ராக்டர் நெட்வொர்க். முழு வாக்கிய வாசிப்பா, சிறிய ஜிபிடி வகையின் சர்ப்ரைசலை அடிப்படையாக வைத்து, அதற்கு மேல் மிச்சமிருக்கும் தயக்கத்தைப் பொருள் போட்டியால் விளக்க முடிகிறதா என்று பாருங்கள். நெருக்க மதிப்பெண்ணா, பெர்ட். இடது, வலது மூளை வேறுபாடா, அதற்கும் அட்ராக்டர்தான்; ஹைஃபாவில் பெலெக், எவியாடர் குழு ஹீப்ரு வாசிப்புக்காகக் கவமோட்டோவின் அமைப்பை இரண்டு நெட்வொர்க்குகளாகப் பிரித்துக் கட்டியிருக்கிறது.

அனுபவத்தால் பொருள் மாறுவதைப் பார்க்க விரும்பினாலும் அட்ராக்டர் பக்கமே வாருங்கள். ஒரு சொல்லை அரிய பொருளில் ஒரு முறை சந்தித்தாலே இருபது நிமிடம் கழித்தும் அதன் சாய்வு தெரிகிறது என்று ராட் குழு 2013-இல் காட்டியது. படகு வலிப்பவர்களிடம் செய்த பிந்தைய ஆய்வில், அன்றைக்குத் துடுப்புப் போட்டுவிட்டு வந்தவர்களுக்கு 'ஃபெதர்' போன்ற சொற்களின் படகுப் பொருள் கூடுதலாகத் தோன்றியது. உறைந்துபோன பெர்ட்டுக்கு நேற்று என்று ஒன்று கிடையாது. அட்ராக்டர் நெட்வொர்க்கிலோ ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் எடைகளைக் கொஞ்சம் அசைத்துவிட்டால் ஆயிற்று.

நேரம் இருப்பவர்களுக்கு நான் சொல்லும் வழி கலப்பு. அட்ராக்டர் மாடல்களின் நிரந்தரக் குறை, பொருள் வடிவங்களை ஆய்வாளரே குருட்டாம்போக்கில் உருவாக்குவது. அந்த இடத்தில் பெர்ட்டை வேலைக்கு வையுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் சில டஜன் வாக்கியங்கள் திரட்டி, அவற்றில் சொல்லின் வெக்டர்களைச் சராசரி எடுத்து, அதை இரண்டே மதிப்புகள் கொண்ட இருநிலை வடிவமாக்கி அட்ராக்டரின் பொருள் பகுதியில் பதியுங்கள். எந்தப் பொருள்கள் நெருக்கம் என்பது மொழித் தரவிலிருந்து வரும், நேரம் நெட்வொர்க்கின் இயக்கத்திலிருந்து வரும். திருகாணிகளும் பாதியாகக் குறையும்.

தமிழில் செய்பவர்கள் சொல் தேர்வில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது, வேற்றுமை உருபு பல மயக்கங்களை அவிழ்த்துவிடும். 'ஆறு' மயக்கம், 'ஆற்றில்' என்றால் நதி, 'ஆறில்' என்றால் எண். 'மாலையை' என்றால் பெரும்பாலும் பூ, 'மாலையில்' என்றால் பெரும்பாலும் பொழுது. எனவே எழுவாய் வடிவத்தையும் உருபு ஏற்ற வடிவத்தையும் கலந்து ஒரே சொல்லாக எண்ணினால் பொருள்களின் வழக்கு விகிதம் தவறாகிவிடும். ஆங்கிலத்தில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 566 சொற்களுக்கு 1994-இல் வெளியிட்ட விகிதப் பட்டியல் போன்ற ஒன்று கையில் இல்லாவிட்டால், சொல்லைச் சொல்லி முதலில் தோன்றுவதை எழுதச் சொல்லும் எளிய சோதனையை நீங்களே நடத்திவிடுங்கள். குழியின் ஆழத்தை அதிலிருந்து வைக்கலாம்.

இரண்டாவது, பன்மொழி மாடல்கள் தமிழ்ச் சொற்களைத் துண்டாக்கும் விதம். 104 மொழிகளுக்கான பன்மொழி பெர்ட்டில் நீளமான தமிழ்ச் சொல் பல துண்டுகளாகச் சிதறும்; துண்டு விழும் இடத்துக்கும் உருபின் எல்லைக்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை. இந்திய மொழிகளுக்காக 2021-இல் வந்த முரில் என்ற பெர்ட் வகை மாடல் இந்த விஷயத்தில் மேல். எதை எடுத்தாலும், உங்கள் சொற்பட்டியல் முழுவதையும் முதலில் அதன் டோக்கனைசரில் (சொல்லைத் துண்டாக்கும் பகுதியில்) ஓட்டி, எந்தச் சொல் முழுசாக நிற்கிறது, எது உடைகிறது என்று பார்த்துவிட்டுப் பட்டியலை இறுதி செய்யுங்கள். வாக்கியம் எழுதும் வேலையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.